நாலாவது அடி

எழுபத்திரண்டு, கார்டிஃப்.
மெட்டல் என்ற பேர் எங்களை எட்டாத காலம்.
டேப்புக்குக் காசு தீர்ந்த இரவில்
நாலாவது அடியில் வழுக்கியது இட்வலின் விரல்.
"இன்னொரு தடவை?" என்றான்.
கடிகாரத்தைக் காட்டினார்கள்.

அப்படியே அச்சானது இசைத்தட்டு.
முந்நூறு விற்றது. மிச்சம்
டியூடர் வீட்டுக் கோழிக்கூண்டுக்குக் கூரை.

பிறகு இரும்பாலை.
பிறகு அதுவும் இல்லை.

இன்று போர்ட் டால்பட்டில்
யார் வீட்டு பாய்லரையோ பிரித்துப் போட்டிருக்கிறேன்.
மாடியில் ஒருத்தி கிதாரை அலறவிடுகிறாள்.
"ஏதோ ஃபின்லாந்துப் பாட்டு,"
மன்னிப்புக் கேட்கும் குரலில் அவள் அம்மா.

நாலாவது அடி வருகிறது.
ஸ்பானர் கையில் நின்றுவிடுகிறது.

வழுக்குகிறாள்,
இட்வல் வழுக்கிய அதே இடத்தில்,
அச்சு அசலாய்.

பில்லில் இருபது பவுண்டு குறைத்தேன்.
ஏனென்று கேட்டாள் அம்மா.
சின்னப் பிசகுதானே என்றேன்.