சமையல் மேடையில் விரித்த வரைபடம்

சாப்பாட்டு மேசை இல்லாத வீடு.
அடுப்பைச் சற்று ஒதுக்கிவிட்டு
சமையல் மேடையில்தான் விரித்தோம் வரைபடத்தை.
ஒரு முனைக்கு உப்பு ஜாடி,
மறுமுனைக்குச் சோணைமுத்துவின் முழங்கை.

சித்திரையில் மூன்று நாள் விடுப்பு.
ஊரே ஆற்றுக்குள் நிற்கிற வாரத்தில்
ஊரைவிட்டு ஓடலாம் என்பது என் யோசனை.
பாலைவனம் பார்க்கணும் என்பது அவனுடையது,
பள்ளத்தாக்கும் பார்க்கணும், பாறை இரண்டாய்ப் பிளந்தது.
"இதுக்கு மேல வெயிலா?" என்றேன்.
"இது வேர்க்கிற வெயில்,
அது வேர்க்காத வெயிலாம்."

ஜெய்சல்மேரில் தொடங்கினோம்.
மகளின் ஸ்கேலை வைத்து அளந்தான்.
மூன்று நாளில் போய்ச் சேரலாம்,
திரும்பத்தான் முடியாது.

அடுத்தது கண்டிகோட்டா.
பெண்ணாறு பாறையை அறுத்துக்கொண்டு போகிற இடம்.
சேலம், கிருஷ்ணகிரி, மதனப்பள்ளி, கடப்பா
அவன் சொல்லச் சொல்ல
நான் சுங்கச்சாவடிகளை எண்ணினேன்.
நாள்காட்டித் தாளின் பின்பக்கம்
டீசலுக்கு ஒரு பத்தி, டோலுக்கு ஒரு பத்தி.
மை ஊறி முன்பக்கத்து எமகண்டத்தைத் தொட்டது.
இருபது லிட்டர் கேன் இரண்டு.
ஆம்னியின் ஸ்டெப்னி வழுக்கை, மாற்ற வேண்டும்.
ரிஸ்வானா வீட்டுப் பைனாகுலர்,
ஒரு கண்ணில் மட்டும்தான் தெரியும்.

ஒன்பதரைக்கு அவன் முதலாளியின் போன்.
மாடிப்படியில் நின்று பேசிவிட்டு வந்தான்.
மூன்று நாள் ஒரு நாளாகியிருந்தது.

ஒரு நாளுக்குள் தேரி வரும்.
தூத்துக்குடி தாண்டிச் செம்மணல்,
நேற்றைய மேட்டைக் காற்று
இன்று வேறெங்கோ எடுத்து வைத்திருக்கும்,
பனைகள் இடுப்புவரை புதைந்து நிற்கும்.
"கடலுக்குப் பக்கத்திலயா பாலைவனம்?"
"நம்ம பக்கம் அப்படித்தான்.
ரெண்டுக்கும் நடுவுல ஒரு டீக்கடையும் இருக்கும்."

சரி, பள்ளத்தாக்குக்கு எங்கே போவது?

அவன் பேனா கொஞ்ச நேரம் தெற்கே அலைந்தது.
பிறகு திரும்பி
மதுரைக்கு அரை விரற்கடை மேலே
ஊன்றி நின்றது.
மேலூர்ப் பக்கம்.
ஒன்றும் குறிக்காத வெள்ளை இடம்.

ஆறு வருஷம் அங்கே கம்ப்ரசர் ஓட்டியதைக்
கல்யாணத்துக்கு முன்பே சொல்லியிருக்கிறான்.
கூலி எவ்வளவு, எந்தக் காது சரியாகக் கேட்காது,
அவ்வளவுதான்.
ஆழத்தைச் சொன்னதில்லை.

"மலையா இருந்துச்சு, ஆடு மேயும்.
நாங்க இறங்க இறங்க
வானம் சின்னதாகிட்டே போச்சு.
கண்டிகோட்டாவுக்கு ஆறு எத்தனை யுகம் எடுத்துச்சோ,
எங்களுக்குப் பதினோரு வருஷம்.
இப்ப அடியில பச்சைத் தண்ணி.
மேலேருந்து ஒரு கல்லைப் போட்டா
சத்தம் வர்றதுக்குள்ள
ஒரு பேரைச் சொல்லி முடிச்சிரலாம்."

"யாரு பேரை?"

உப்பு ஜாடியை எடுத்து
அதன் இடத்தில் வைத்தான்.

வரைபடத்தை மடித்தேன்.
கீழே மேடை.
வெள்ளைக் கல்லில் செம்புள்ளிகள்.
மஞ்சள் கறை போகவில்லை என்று
தினமும் நான் சண்டை போடுகிற கல்,
சதுர அடிக்கு இருபது ரூபாய் குறைத்து வாங்கிய கல்.
சுவரோரம், பாலிஷ் படாத விளிம்பில்
துளைக்கம்பி இறங்கிய அரைவட்டத் தடம்.
எட்டு வருஷமாய் அதில் தீப்பெட்டியைச் சாய்த்து வைக்கிறேன்.
அவன் பெருவிரல் அதில் சரியாகப் பொருந்தியது.
எடுக்கவில்லை.
பாலைக் காய்ச்ச வேண்டியிருந்தது, காத்திருந்தேன்.

பின்பு தாளைத் திருப்பி
முன்பக்கத்தில், தேதிக்குக் கீழே எழுதினேன்:
ஞாயிறு, காலை ஐந்தரை.
டோல் ஒன்று, சிட்டம்பட்டி.
தண்ணீர் ஒரு கேன்.
பைனாகுலர், ஒரு கண் போதும்.
அதற்குப் பிறகு நேரமிருந்தால் தேரி.
போடுவதற்குக் கல், அங்கேயே கிடைக்கும்.
சொல்லவேண்டிய பேர் என்று எழுதி
எதிரே கோடு மட்டும் போட்டுவிட்டேன்.

விளக்கை அணைத்த பிறகு
கேட்காத காதைத் தலையணையில் புதைத்து
கேட்கிற காதை என் பக்கம் வைத்துக்கொண்டு
"ஸ்டெப்னிய எப்படியும் மாத்தணும்" என்றான்.