நீர்க்கோடு

லைட் ஸ்ட்ரீட் நீதிமன்றத்தில்
இருபத்திரண்டு வருடமாக
பிறருடைய 'நான்' என் வாயில்.

நான் திருடவில்லை, துவான்.
நான் அவளை அடிக்கவில்லை.
நான் அன்று பட்டர்வொர்த்தில் இருந்தேன்.
'அவர் சொல்கிறார்' என்று சொல்லக்கூடாது;
மொழிபெயர்ப்பாளருக்கு அதுதான் முதல் விதி.

மார்ச்சில் ஒரு செவ்வாய்.
மோட்டார்சைக்கிள் வழக்கு, பத்தொன்பது வயசுப் பையன்.
'எடுக்கலை' என்றான்.
'சாயா அம்பில்' என்றேன். எடுத்தேன்.
நடுவில் நிற்கவேண்டிய 'தீடாக்'
நாக்கிலிருந்து தவறி விழவில்லை,
நாக்குவரை வரவே இல்லை.
கூண்டுக்குள்ளிருந்து கத்தினான்:
"அக்கா, இல்லைன்னு சொல்லுங்க! இல்லைன்னு!"

அதற்கு முன்பே அங்கங்கே சில.
பாதத்தில் எப்போதும் ஒரு காலுறை, நான் போடாத காலுறை.
படியில் தானாய்க் கழன்ற இடது செருப்பு.
ரத்தம் கெட்டிப்பட்டிருக்கிறது என்று
ஆறு வருடம் முன்பு சொன்னார்கள்:
அரிதான புற்று, மெதுவானது, பயப்படாதீர்கள்.
வால்டன்ஸ்ட்ரோம்.
பாரத்தில் எழுதினால் கட்டத்துக்குள் அடங்காது.

எம்ஆர்ஐ குழாய்க்குள்
தலைமாட்டில் யாரோ தகரம் அடிக்க,
எனக்குத் தெரிந்த மூன்று மொழியிலும்
'இல்லை' சொல்லிக்கொண்டே படுத்திருந்தேன்.
எண்ணிப் பார்த்தால்
இரண்டுதான் இருந்தது.

டாக்டர் ஊய் திரையைத் திருப்பினார்.
என் கணவர் அஞ்சப்பன் ஃபெரியில் கயிறு பிடிக்கிறவர்;
மருத்துவ இங்கிலீஷ் அவருக்குக் கரை தட்டாது.
வழக்கம்போல் நடுவில் நான்.

"நோயாளியின் மூளை உறையில்
ரத்தத்தின் அணுக்கள் குடியேறியிருக்கின்றன.
மருந்து ஏற்றி எடுத்த படத்தில் வெள்ளையாய்த் தெரிவது அதுதான்.
முதுகுத்தண்டு நீரிலும் அதே அணுக்கள்."

குரல் பிசகவில்லை.
அவர் திரையிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டார்:
"யாருக்கு?"

"எனக்கு."
வாய்க்குள் அந்தச் சொல்
புதுச்செருப்பாய்க் கடித்தது.

மடிப்புகளின் ஓரமெல்லாம் மெல்லிய வெண்கோடு.
கிரீஸ் போகாத விரலை நீட்டி, தொடாமல், சொன்னார்:
"நம்ம துறைக் கால்ல தண்ணி ஏறி நின்ன கோடு மாதிரியே இருக்கு.
கேளு அவர்கிட்ட.
ஏறுமா, வத்துமா?"

வாயைத் திறந்தேன்.
வத்துமாவுக்கு இங்கிலீஷ் வரவில்லை.
அது மாட்டியிருந்த இடத்தில் வெறும் ஆணி.
ஏர்கான் சொட்டியது. டாக்டர் காத்திருந்தார்.
எங்கோ கூப்பிடாத மூலையிலிருந்து
மலாய் வந்தது: "சூருட்?"

ஊய் பேனாவைக் கீழே வைத்தார்.
ஜெலுத்தோங்கில் அவர் அப்பாவுக்குப் படகு இருந்ததாம்.
கோட்டை ஒருமுறை பார்த்துவிட்டு
"போலே சூருட்" என்றார்.
கொஞ்சம் பொறுத்து,
"தாப்பி தா செமுவா."

மொழிபெயர்க்க வாயெடுத்தேன்.
அஞ்சப்பன் கையமர்த்தினார்.
வத்தும், ஆனா முழுசா இல்லை.
படகுத்துறைக்காரருக்கு அந்த மலாய் தெரியும்.
இரண்டு ஆண்கள் கடல்தண்ணி பேச
நான் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மருந்தகத்தில் எங்கள் எண் 4017.
ஓடிக்கொண்டிருந்தது 3960.
கைப்பையில் பேனா தேடி எடுத்து
ஸ்கேன் உறையின் பின்பக்கம் எழுதினேன்,
எழுத்து கொஞ்சம் வலப்பக்கம் சரிந்தது:
தீடாக்.

இவர் எட்டிப் பார்த்தார்.
"என்ன, மாத்திரை வேண்டாமா?"

"அந்தப் பையனுக்கு" என்றேன்.
"அவன் எடுக்கலை."