வழி: கொழும்பு

மாலை ஆறு மணிக்குக் கதவடைப்பு, தூத்துக்குடியில்.
இப்போது பதினொன்று நாற்பது.
மண்டபத்தில் கரண்ட் போய்
ஜெனரேட்டர் இருமிக்கொண்டிருக்கிறது.

நாற்பதடிப் பெட்டி வாசலில் நிற்கிறது
வயிற்றில் ஒரு டிகிரிக் குளிரோடு.
வெளியே முப்பத்தெட்டு.
பெட்டியின் நிழலில் துண்டை விரித்துப் படுத்தபடி
டிரைவர் முத்திருளாண்டி
"பில்லைக் குடுத்தா கிளம்பிருவேன்க்கா" என்கிறார்
நாலாவது தடவையாக.

என் மேசை கடலுக்கு முதுகு காட்டி இருக்கிறது.
திரையில் வெயில் அடிக்கிறதென்று
நானே திருப்பிப் போட்டேன்.
இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட்,
சுகாதாரச் சான்று, ஷிப்பிங் பில்,
நாலிலும் ஒரே எடை வரவேண்டும்.
பத்துக் கிலோ பிசகினால் கேள்வி வரும்.
பதில் எழுதி முடிப்பதற்குள் கப்பல் போய்விடும்.
போன கப்பலில் நாம் ஏறாத இடத்துக்கும்
வாடகை கேட்பார்கள்.

நண்டுக்கு லத்தீனில் ஒரு பெயர் அடிக்கிறேன்.
அடுத்த அறையில் உரிக்கிற பெண்களுக்கு அது
கட்டிச்சதை, தூள்சதை, கொடுக்கு.
கிலோவுக்கு இவ்வளவு.

கடைசித் தாள், பிடிப்புப் பட்டியல்.
எந்த வள்ளம், எந்த நாள், எந்த வலையென்று
பால்டிமோரில் வாங்குகிறவருக்குத் தெரியவேண்டுமாம்.
இருபத்திரண்டு வள்ளங்கள்.
பதினேழாவது வரி:
ஓரியூரான் துணை. உரிமையாளர் சந்தியாகு.
மூன்றாம் தேதி, நாற்பத்தொரு கிலோ.

ஐந்தாம் தேதி ராத்திரி
எஞ்சின் நின்று, காற்றுத் திரும்பி
கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.
கோடு தண்ணீரில் இல்லை, ஜிபிஎஸ்ஸில் இருக்கிறது.
ஜிபிஎஸ்ஸில் சார்ஜ் இல்லை.
வள்ளம் இப்போது காரைநகரில் கட்டிக்கிடக்கிறது,
ஆள் யாழ்ப்பாணத்துச் சிறையில்.
வாய்தா பதினெட்டு.

முந்தாநாள் மெல்சியா வந்திருந்தாள்.
நண்டுக்காசு பாக்கி வாங்க
தங்கச்சிமடத்திலிருந்து பாலம் தாண்டி பஸ்ஸில்.
என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து
எழுத்துக் கூட்டினாள்.
"கொழும்புன்னு போட்டிருக்கு?"
ஆமாம். இங்கேயிருந்து சின்னக் கப்பல்,
அங்கே இறக்கிப் பெரிய கப்பலில் ஏற்றுவார்கள்.
ஒரு ராத்திரி ஓட்டம்தான்.
"பிடிக்க மாட்டாகளா?"
பேப்பர் இருக்கே, என்றேன்.
காசை எண்ணாமல் பைக்குள் வைத்தாள்.
"அந்தப் பேப்பர்ல அவரு பேரும் இருக்குல்ல?"

மேனேஜர் நஜ்முதீன் போனில்.
"பதினேழை எடுத்திரும்மா.
பிடிபட்ட வள்ளம், பாரின்காரன் நோண்டுவான்.
நாப்பத்தொண்ண வேற வள்ளத்துல ஏத்திரு."
ஒரு விரல் வேலை.
பதினாறாம் வள்ளம் செபஸ்தியானுடையது,
அவர் அன்றைக்குக் கடலுக்கே போகவில்லை,
மகளுக்குக் காதுகுத்து.
நானும் போயிருந்தேன். பிரியாணியில் உப்புக் கூடுதல்.

மூன்றாம் தேதி பிடித்தது மூன்றாம் தேதி பிடித்ததுதான் சார்.
அன்றைக்கு அவர் கோட்டுக்கு இந்தப் பக்கம்.
மறுமுனையில் ஜெனரேட்டர் மட்டும் கேட்டது,
அல்லது அது என் முனையிலா.
"என்னமோ செய்யி. கேள்வி வந்தா நீதான் பதில்."

பிரிண்டர் பதினேழாவது வரியில் மை மங்கியது.
பேனாவால் ஏற்றி எழுதக்கூடாது,
செல்லாது.
இன்னொரு தரம் அடித்தேன்.

பன்னிரண்டு ஐம்பதுக்கு வண்டி கிளம்பியது.
சாயல்குடியில் ஒரு போன்: டயர்.
வேம்பாரில் ஒரு போன்: சரியாயிருச்சு.
ஐந்து ஐம்பத்திரண்டுக்கு ஒரு படம்,
கதவுக்கு உள்ளே பெட்டி,
ஓரத்தில் முத்திருளாண்டியின் கட்டைவிரல்.

மறுநாள் ராத்திரி போனில் பார்த்தேன்.
கப்பல் ஒரு பச்சை அம்பு.
கோட்டைத் தாண்டும்போது
நிறம் மாறவில்லை, வேகம் குறையவில்லை.

விடிந்ததும் மெல்சியா கூப்பிட்டாள்.
"போய்ச் சேந்துருச்சா?"
சேர்ந்தாச்சு.
"அங்கேருந்து யாழ்ப்பாணம் எம்புட்டுத் தூரம்?"
நானூறு கிலோமீட்டர் இருக்கும்,
ரயில் ஓடுது, என்றேன்,
யாருக்குச் சொல்கிறேன் என்று தெரியாமல்.