இரட்டைத் தலைக் கொக்கு

கொக்குகள் போட்ட கடதாசி,
ஆறு சுருள், கழிவு விலையில்.
ஏழாவது இல்லை என்றான் கடைக்காரன்.
ஆறு போதும் என்றார் யோகதாசன்,
அளந்து பார்க்காமல்.

ஹடர்ஸ்ஃபீல்டில் எங்கள் தெரு
மேட்டைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது.
வீடுகளும் அப்படித்தான்,
ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து.
குளியலறைச் சுவரில் ரசமட்டத்தை வைத்தால்
குமிழி ஓரத்துக்கு ஓடிவிடும்
கடன்காரனைக் கண்டதுபோல.

அந்த மாதம் கட்டில் ஆலையில் அவருக்குக்
கிழமைக்கு மூன்று நாள்தான் வேலை.
எங்களுக்குள் பேச்சும் ஏறக்குறைய அவ்வளவே:
கரண்ட் பில். பால்.
இந்தக் கிழமை எந்த நிறக் குப்பைத்தொட்டி.

முதல் தாளுக்கு ஒரு நேர்கோடு வேண்டும்.
பின்கதவுச் சாவியை நூலில் கட்டித்
தொங்கவிட்டேன்.
ஆட்டம் நின்ற பிறகு கோட்டைப் போடு என்றார்.
நின்றுவிட்டது என்றேன்.

வெறும் சுவரில் தாள் ஒட்ட யாருக்கும் வரும்.
குளியலறையில் எங்கே இருக்கிறது
வெறும் சுவர்?
கைகழுவும் தொட்டியின் கழுத்துக்குக்
கீழிருந்து மேலாக வெட்டி,
தாளை விரல் விரலாய்ப் பிளந்து,
ஒவ்வொரு விரலையும் தூரிகையால் மடக்கி அமர்த்த வேண்டும்.
சுடுநீர்ப் பைப்புக்கு ஒரு நட்சத்திரம்.
ஹீட்டரின் முதுகுக்கு மகளின் அடிமட்டம்.
கொமட்டின் தண்ணீர்ப் பெட்டிக்குப் பின்னால்
கையே நுழையாத இடத்தில்
ஒரு கொக்கு தலைகீழாய் மடிந்துபோனது.
அதை அப்படியே விட்டோம்.
எல்லாவற்றையும் கழற்றித் திரும்பப் பூட்டப்
பிளம்பருக்குக் கொடுக்கக் காசில்லை.

சவரப் பிளக்குக்கு மெயினை அணைத்தோம்.
டோர்ச் என் வாயில்.
பிளேடால் மூலைக்கு மூலை
ஒரு பெருக்கல் குறி கீறினார்.
நான்கு இதழ் விரிந்தது.
பிடி.
கொஞ்சம் மேலே.
விடாதே.
இனி விடு.
பல்லிடுக்கில் வெளிச்சத்தோடு
நான் 'ம்' மட்டும் சொன்னேன்.
மூன்று கிழமைக்குள்
அதுதான் நாங்கள் பேசிய நீண்ட பேச்சு.

கடைசித் தாள்
கதவுக்குப் பின்மூலையில்
முதல் தாளைச் சந்திக்க வந்தது.
சந்தித்தது.
ஒரே கொக்கின் உடம்பில் இரண்டு கழுத்து.

ஈரம் காயுமுன் உரித்துவிடலாம் என்றார்.
சுருள் முடிந்துவிட்டது என்றேன்.
அவர் பசை வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார்,
நான் கொமட் மூடியின்மேல்.
கதவு திறந்திருந்தால் அது தெரியாது.
சாத்தித் தாழ் போட்டு உட்கார்ந்தால்தான்,
கண்ணுக்கு நேரே.

அதன்பின் எத்தனை பேர்!
பாமினி அக்கா. அவவின் பிள்ளைகள்.
மகளின் பிறந்தநாளுக்குப் பதினொரு பேர்.
சங்கத்துப் பொருளாளர்
(வெகுநேரம் இருந்தார்).
கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து
கடதாசி நல்ல வடிவு என்றார்கள்.
அதற்குமேல் ஒருவரும்
வாய் திறக்கவில்லை.

பொய்லர் பார்க்க வந்த டாரியூஷ் மட்டும்
தேநீரை ஊதிக்கொண்டே கேட்டான்:
உங்கள் பறவைக்கு ஏன் இரண்டு தலை?
எங்கள் ஊரில், என்று தொடங்கினார் யோகதாசன்,
கொக்குப் பிடிக்க அதன் தலையில் வெண்ணெய் வைப்பார்கள்,
வெயிலில் உருகிக் கண்ணை மறைக்கும்,
ஒரு தலை தப்பினால் மற்றது இருக்கட்டுமே என்று...
ஆங்கிலத்தில் பாதி வழியில் மாட்டிக்கொண்டார்.
வெண்ணெய் வைக்க எட்டுகிற கைக்கு
கழுத்தைப் பிடிக்க எட்டாதா என்றான் டாரியூஷ்.
நான் குசினிக்குள் போய்
அடுப்பைப் பார்த்துச் சிரித்தேன்.

அன்றிரவு விளக்கை அணைத்தபின் சொன்னார்:
தொட்டியைத் தாண்டும்போதே தெரியும்,
அரை அங்குலம் இறங்கிவிட்டது.
நீ அப்போதுதான்
'ம்' சொல்லத் தொடங்கியிருந்தாய்.
நிறுத்த மனம் வரவில்லை.

விடியலில் தாழ் போடுகிறேன்.
ஒரு தலை ஜன்னலைப் பார்க்கிறது,
மற்றது என்னை.
சாவியைப் பற்றி நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.
ஜன்னல் திறந்திருந்தது, காற்று,
கையும் நொந்தது.
கோட்டைப் போடும்போது அது
ஆடிக்கொண்டுதான் இருந்தது.