பன்னிரண்டு காந்தம்

பார்சலின் மேல் என் பெயர்.
பெற்றுக்கொண்டவர் கையெழுத்து என்னுடையது,
பட்டுவாடா செய்தவர் கையெழுத்தும் என்னுடையது.
பணகுடியிலிருந்து எனக்கு நானே சுமந்துவந்த முதல் தபால்.

கிளை அஞ்சலகத் தராசில் வைத்துப் பார்த்தேன்.
மோட்டார், கன்ட்ரோலர், ஒயர்க்கட்டு எல்லாம் சேர்ந்து
மூன்று கிலோ நானூறு.
பேட்டரியைத் தபாலில் விடக்கூடாது, விதி இருக்கிறது.
அது நாகர்கோவில் பஸ்ஸில், டிரைவர் சீட்டுக்குப் பின்னால்
ஒரு பலாப்பழத்தோடு வந்து இறங்கியது.

வடக்கன்குளத்தில் வியாகப்பன் மாட்டித் தந்தான்.
காற்றாடிக் கம்பெனியில் எட்டு வருஷம்
எண்பது மீட்டர் உயரத்தில் நட்டு முறுக்கியவன்.
தரையில் உட்கார்ந்து ஸ்பேனர் பிடித்தால்
இன்னும் சிரிப்பு வருகிறது என்றான்.

பெடல் அச்சில் ஒரு கறுப்பு வளையம்.
"இதுக்குள்ள பன்னெண்டு காந்தம் யக்கா.
ஒவ்வொண்ணும் இந்த மூக்கைத் தாண்டும்போது இது எண்ணும்.
எண்ணுனா மோட்டார் ஓடும்."
எவ்வளவு அமுக்கி மிதிக்கேன்னு தெரியாதா?
"தெரியாது. சுத்துதான்னு மட்டும் தெரியும்.
மிதியோட பாரம் அளக்கிற சென்சார் வேற இருக்கு,
அது இந்த மொத்த கிட்டுக்கும் மேல விலை."

இது போதும் என்றேன்.
இதுமாதிரி ஒன்றிடம்தான்
பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறேன்.

போன தையில் அளவெடுக்க வந்த இன்ஸ்பெக்டர்
ஜீப்பிலிருந்து இறங்காமல் எழுதிக்கொண்டார்:
போக ஒன்பது கிலோமீட்டர், வர ஒன்பது.
தையில் காற்று ஒடுங்கிக் கிடக்கும்.
ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள்ளிருந்து வருவதற்கு
அவர் தாளில் கட்டம் இல்லை.
மேற்கே போகையில் பை காலி, காற்று நிறைய.
கிழக்கே திரும்பினால் பை நிறைய,
மிதிக்காமலே ஊர்வரை தள்ளிவிடும்.
இரண்டும் ஒன்பது.

இப்போது கள்ளம் பழகிவிட்டது.
பாரமே கொடுக்காமல் சும்மா சுற்றுகிறேன்,
ஓடைத் தண்ணீரைக் காலால் கலக்குவது மாதிரி.
பன்னிரண்டும் நம்பிவிடுகின்றன.

தலைக்கு மேல் காற்றாடிகள்,
என் துப்பட்டாவைப் பிடித்து இழுக்கிற அதே காற்றை
அரைத்து எங்கெங்கோ அனுப்புகின்றன.
அதில் ஒரு கரண்டியாவது
என் அடுப்படிப் பிளக்குக்கு வருமா என்று கேட்டேன்.
"வராமலா? நேத்து உங்களை மறிச்ச காத்துதான்
இன்னைக்கு உங்களைத் தள்ளுது."
கரண்டில் முகவரி எழுதியிருக்காது.
அதனால் நான் ஒன்றும் சொல்லவில்லை.

இன்னொரு சென்சாரைப் பற்றி
கிளம்பும்போது ஒரே வரிதான் சொன்னான்:
பிரேக் பிடியில இருக்கு, தொட்டாலே மோட்டார் நிக்கும்.

புதன்கிழமை பையில் ஒரு பதிவுத் தபால்.
பேங்கு முத்திரை. உள்ளே என்ன என்று
உறையின் கனமே சொல்லிவிடும்.
சித்திரையிலிருந்து இந்தத் தெருவுக்கு
இதே கனத்தில் மூன்று கொடுத்திருக்கிறேன்.

தங்கபுஷ்பம் மாடியில் நின்று
காற்று திருப்பிவிட்ட டிஷ்ஷைக்
கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள்.
தூரத்திலேயே பார்த்துவிட்டாள்.
"என்ன மயினி, மோட்டார் வண்டியெல்லாம்!"

கால் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.
முதுகில் காற்று.
அந்த வீட்டில் நிற்பதா, கடைசித் தெருவரை போய்விட்டுத்
திரும்பும்போது கொடுப்பதா,
நான் இன்னும் முடிவு செய்யவில்லை.
விரல் மட்டும் பிடியின் மேல் கிடந்தது,
ஒரு நெல்மணி கனத்துக்கு.

மோட்டார் நின்றுவிட்டது.

அவள் கயிற்றை விடாமல் எட்டிப் பார்த்தாள்.
"என்னட்டி, சார்ஜ் தீந்துட்டா?"