நேரடி விசாரணை

பாம்பு பிடிப்பியா, என்று கேட்டார்.
இல்ல சார். ஷூ தைக்கிறேன்.
மேல்தோல் மட்டும்தான்,
அடிப்பாகம் அடுத்த ஷெட்டில்.

எழுதிக்கொண்டார். அல்லது
எழுதுவதுபோல் பேனாவை அசைத்தார்.

காட்டில் என்ன கிழங்கு தோண்டுவீங்க?

நான் பிறந்தது காவேரிப்பாக்கத்துப் பக்கம்
ஒரு அரிசி மில் களத்தில்.
அவித்த நெல்லின் ஆவிதான்
எனக்குத் தெரிந்த மூடுபனி.
அப்பா கன்னியப்பன் வாங்கிய எட்டாயிரத்துக்கு
பதினோரு வருஷம் நெல் காயவைத்தோம்.
கேட்டுக்கு வெளியே என்ன முளைக்கிறது என்று
எட்டிப் பார்த்தாலே ஏச்சு விழும்.
இதைச் சொன்னால் கிழங்குக்கு ஈடாகுமா,
தெரியவில்லை. சொல்லவில்லை.

நேற்று ராத்திரி ஷாமிலி
போனில் ஒரு வீடியோ போட்டுக் காட்டினாள்:
இருளர் வாழ்க்கை முறை, பதினான்கு நிமிஷம்.
இரண்டு தடவை பார்த்தோம்.
ஈசலுக்கு எந்த மாசம், கன்னிமாருக்கு எத்தனை கல்,
பரீட்சைக்குப் படிக்கவைப்பதுபோல் கேட்டாள்.
ஏழு, என்றேன். சரி, என்றாள்.
ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்குப் போவதை
நீயாக வாய்விடாதே, என்றாள்.
நர்சிங் சீட்டுக்கு இன்னும் ஒன்பது நாள்.

உங்க பாஷையில் ஏதாவது பேசு.
பேசிக்கிட்டுதானே இருக்கேன் சார்.

அவருக்குப் பின்னால் இரும்பு பீரோ.
வடஆற்காடு என்று பாதி உரிந்த பெயிண்ட்,
அதன்மேல் வேலூர் என்ற ஸ்டிக்கர்,
அதற்கும் மேலே ராணிப்பேட்டை, புதுசு.
எத்தனை முறை பெயர் மாறினாலும்
மாவட்டத்தை நிற்கவைத்து
நீ மாவட்டம்தானா என்று
யாரும் கேட்பதில்லை.

எலியாவது பிடிப்பியா?

பீரோவின் கீழ்த்தட்டில், இடது மூலையில்
அந்த நேரம் பார்த்து
காகிதம் கொறிபடும் சத்தம்.
ஒன்றில்லை. குட்டிகளோடு.
பெரியது நிறுத்திவிட்டு
எங்களை உற்றுக் கேட்பதுகூட எனக்குக் கேட்டது.
லைன் வீட்டில் குடியிருக்கும் யாருக்கும்
பழகிய சத்தம்தான்.
ரத்தத்தில் வந்தது என்று
எழுதிவிடப் போகிறார்.

போன வருஷம் கொடுத்த என் மனு
கட்டில் இல்லை, காணவில்லை என்று
மூன்று தடவை திருப்பி அனுப்பிய ஆபீஸ் இது.

தெரியாது சார், என்றேன்.

பேனாவை மூடினார்.
கடிதம் வரும், போ.

வெளியே ஜெராக்ஸ் கடை நிழலில்
நகத்தைக் கடித்தபடி ஷாமிலி.
ஏழுன்னு சொன்னியாம்மா?

கல்லைப் பத்தி
அவர் கேக்கவே இல்லடி.