தூக்குக்குண்டு

மதிலுக்கு வயிறு தள்ளியிருக்கிறது.
தென்மேற்கு முனை, தரையிலிருந்து ஆறாவது வரிசை,
போன சித்திரையைவிட ஒன்பது மில்லிமீட்டர்.
எழுதிக்கொள்கிறேன்.
இந்தக் கோட்டைக்குள் நான் கொண்டுவரும் ஒரே குண்டு
நூலில் தொங்கும் தூக்குக்குண்டு.
அதுவும் காற்றில் ஆடுகிறது.

ஹாலிஃபாக்ஸ். குன்றின் மேல் கல்லில் ஒரு நட்சத்திரம்.
கட்டி முடிக்க இருபத்தெட்டு ஆண்டு.
கட்டும்போதே சில சுவர்கள் சரிந்தன.
பீரங்கியால் அல்ல, பனியால்.
கல்லிடுக்கில் ஈரமாய் நுழைந்து
இரவில் விறைத்துப் பகலில் இளகி
ஒரு முற்றுகையின் பொறுமையோடு
மயிரிழை மயிரிழையாக.
ஒருவழியாய் முடித்து நிமிர்ந்தபோது
குழலுக்குள் புரி வெட்டக் கற்றிருந்தது உலகம்.
புதுக் குண்டு இந்த மதிலை மதிக்காது.

அதற்கும் முந்தைய வேலி மரம்.
கூர் சீவிய கம்பங்கள் நிலத்தைப் பார்த்து நின்றன,
துறைமுகம் யாருடையதோ அவர்களுக்கு எதிராக.
கிஜிபுக்டுக், பெருந்துறை என்று அர்த்தம்,
என்றாள் டார்லீன் சில்லிபாய், சாந்து குழைத்தபடி.
"வீட்டுக்காரரை வெளியே வைக்க எங்கள் வீட்டிலேயே போட்ட கதவு."
கரண்டியை இரண்டு தட்டுத் தட்டினாள்.
பிறகு தேத்தண்ணி.

பிரெஞ்சுக்காரனுக்குப் பயந்தார்கள்,
அமெரிக்கனுக்குப் பயந்தார்கள், ருஷ்யனுக்கும் கொஞ்சம்.
பயத்துக்கு ஒரு கட்டடம்:
பைன் காட்டுக்குள் உருண்டைக் கோபுரம்,
ஜார்ஜஸ் தீவின் அடிவயிற்றில் சுரங்கம்,
கடற்கையை மறிக்க ஒரு சங்கிலி.
சங்கிலி போய்விட்டது.
பாறையில் வளையம் மட்டும்,
மாடு அறுத்துக்கொண்டு ஓடிய முளை மாதிரி.
நொச்சி சூட இங்கே தலைமுறை தலைமுறையாய் ஆளிருந்தும்
உழிஞை சூடி ஒருவரும் வரவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினேழு.
நீருக்கடியில் இரும்பு வலை.
பொழுது சாய்ந்தால் வாசல் அடைப்பு.
பிந்தி வந்த கப்பல் ஒன்று
டிசம்பர் இரவு முழுக்க வெளியே காத்திருந்தது
நல்ல பிள்ளையாக.
விடிந்ததும் வலையை விலக்கி வழிவிட்டார்கள்.
நேச நாட்டுக் கொடி. வயிறு முட்ட வெடிமருந்து.
பீரங்கிகள் கடலையே பார்த்துக்கொண்டிருக்க
அவற்றின் முதுகுப்பக்கம் போய்
குறுகலில் இன்னொன்றோடு மோதி எரிந்தது.
புகை அழகாக இருந்திருக்க வேண்டும்.
ஊரார் யன்னலுக்கு வந்தார்கள்.

ஒன்பது மணி நான்கு நிமிடம்.
யன்னல்கள் கண்ணுக்குள் வந்தன.

வடக்குப் பக்கத்துத் தெருக்கள் இல்லை.
மதில் நின்றது.
நின்ற மதிலைப் பற்றி என்ன எழுத?

எங்கள் ஊரிலும் ஒரு நட்சத்திரக் கோட்டை உண்டு.
ஐந்து முனை. ஒல்லாந்தர் கணக்கு பிசகாது.
அதிலிருந்து கிளம்பிய எதுவும்
கடல் பக்கம் போய் நான் கண்டதில்லை.

ஆகையால், இங்கே தினமும் போடும் பன்னிரண்டு மணி வெடிக்கு
முதல் வாரம் ஏணியைக் கட்டிக்கொண்டேன்.
வெறும் மருந்துதான், உள்ளே குண்டில்லை என்றார் பூட்டிலியர்.
தெரியும் என்றேன், ஏணியை விடாமல்.
இப்போது அந்தச் சத்தத்துக்குப் பசிக்கிறது.
கடற்காகங்களுக்கும் அப்படித்தான் போலும்:
எழும்புகின்றன, ஒரு சுற்று, பிறகு என் பாண் துண்டு.

உறைபனிக்கு முன் முடிக்க வேண்டும்.
சாந்து கல்லைவிட மெத்தென்று இருக்க வேண்டும்,
விறைப்பாய்ப் பூசினால் உடைவது கல்தான்.
அடிவரிசையில் விரல் நுழைகிற அளவு ஓட்டைகள் விடுகிறோம்.
"எதிரி ஏற்கெனவே உள்ளே இருக்கிறான்" என்கிறார் பூட்டிலியர்,
"போக வழி கொடுப்போம்."
ஒன்றில் பென்சிலை விட்டுப் பார்க்கிறேன். நனைந்து வருகிறது.

சாப்பிட்டு வந்து மறுபடி நூலை இறக்குகிறேன்.
காற்று விழுந்திருக்கிறது. குண்டு அசையவில்லை.
காலையில் எழுதியதை அடித்துவிட்டு
ஒன்பதரை என்று போடுகிறேன்.